கெர்னல் கேட்டு ஒரு மன்றாட்டு

கஸ்பாருடைய வாய் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் தெருக்கோடி வரைக்கும் கேட்ட வாய். மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் போகிற ரோட்டில், புளியமரங்கள் முடிகிற இடத்தில் அவன் ஊர். தக்காளி ஏற்றிக்கொண்டு மினி லாரி ஓட்டினான். லாரியை விட்டு இறங்கியதும் கை கால்கூடக் கழுவமாட்டான். கட்டிலில் மல்லாந்து படுத்து, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற ஒரு கேம் மெஷினைக் கையில் எடுத்துவிடுவான். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்த நாளில் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் ஆட வேண்டும். அதற்குள் ஒரு குட்டி மனிதன் பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடுவான். அவன் பள்ளத்தில் விழுந்தானோ போச்சு, கஸ்பார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும். என்ன வார்த்தை என்று மட்டும் கேட்காதீர்கள். அச்சில் போட்டால் இந்தப் புத்தகத்தை ஒருத்தரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

அவன் அம்மா ராஜமேரிக்கு அதுதான் தீராத தலைவலி. அவள் அன்பியத்துக்குப் பொறுப்பாளர். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, அவரவர் குறையை வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்கிற கூட்டம். இவள் முன்னறையில் பத்துப் பேரோடு முழங்கால் போட்டிருப்பாள். உள்ளறையிலிருந்து மகன் அந்த வார்த்தையை விடுவான்.

"செவ்வாக்கெழம அந்தோணியார் நாளுடா பாவி! இன்னிக்காச்சும் அந்த வாயக் கழுவுடா!" என்று கத்துவாள். அவன் பெண்டாட்டி ஆக்சிலியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

போன கேழ்வரகு அறுப்பில் அந்த வாய் அடைத்துப் போனது.

கதிர் அடிக்கிற மெஷினில் சிக்கிய வைக்கோலை இழுத்துவிடப் போனான். சட்டைக்கையை மெஷின் பிடித்தது. ஆக்சிலியா களத்து மேட்டில் தூற்றிக்கொண்டிருந்தாள். அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்றைக்கும் ஆறாத அதிர்ச்சி. எதற்கெடுத்தாலும் கூரை பிளக்கக் கத்துகிற மனுஷன், வலது கை மணிக்கட்டோடு போகிறபோது ஒரு சத்தம் போடவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு "ம்" என்பான், "வேணாம்" என்பான். அதற்கு மேல் பேச்சே கிடையாது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். லாரியை விற்றார்கள். பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார், டாக்டர் மாத்திரை எழுதினார், ராஜமேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதுவும் பலிக்கவில்லை. கேம் மெஷின் அலமாரி மேல் கிடந்தது. ஒருநாள் ஆக்சிலியா அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவன் திரும்பி அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் பார்த்தான். அவளுக்கு அது போதும்.

ஆக்சிலியா பி.சி.ஏ. படித்தவள். ஓசூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரு யோசனை. வலது கை செய்ததைக் கால் செய்தால் என்ன? ஒரு பலகையில் இரண்டு காலிங்பெல் சுவிட்சைப் பதிப்பது, ஒன்று குதிக்க, ஒன்று சுட. அதிலிருந்து வயர் இழுத்து மெஷினுக்குள் சேர்ப்பது. இடது கையும் வலது காலுமாக ஆடலாம். மெஷினைத் திறந்து பார்த்தாள். வயர் பற்றவைக்க உள்ளே காலி இடமும் இருந்தது. மொரப்பூர் செல்போன் கடையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள்.

எல்லாம் சரி, ஆனால் மெஷினுக்கு அந்த சுவிட்ச் இருப்பதே தெரியவில்லை. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை அதற்குச் சொல்வது உள்ளே ஓடுகிற கெர்னல். அது லினக்ஸ் கெர்னல். அதை மாற்றி எழுத வேண்டுமென்றால், இந்த மெஷினுக்கென்று கம்பெனி செய்த மாற்றங்களோடு சேர்த்து அதன் சோர்ஸ், அதாவது அதை எழுதிய மூல நிரல், வேண்டும். வெளியே பொதுவாகக் கிடைக்கிற லினக்ஸை ஏற்றினால் இந்த மெஷினுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

மெஷின் செய்தது சீனாவில் ஏதோ ஒரு கம்பெனி. அவர்களுக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுதினாள். பதில் வந்ததைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'சோர்ஸ் எங்கள் கம்பெனியின் சொத்து. யாருக்கும் கொடுப்பதில்லை.' அவ்வளவுதான் பதில்.

சொத்தாமே! அவளுக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கரிந்தது. வாசம் பிடித்துக்கொண்டு ராஜமேரி ஓடி வந்தாள்.

"என்னாடி ஆச்சு?"

"அத்தே, அந்தக் கெர்னல குடுக்க மாட்டேங்கறாங்க."

"அது என்னா எழவு, கெர்னலு?"

"மேஸ்திரி மாதிரிங்க அத்தே. எந்தப் பட்டன அமுக்குனா எந்த வேல நடக்கணும்னு உள்ள உக்காந்து சொல்றது அதுதான். அது எப்பிடி எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் நான் மாத்த முடியும்."

"அவங்க எழுதனதா?"

"அதான் இல்லீங்க! ஒலகத்துல எத்தனையோ பேரு சேந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு வெச்சது. எடுத்து மெஷினுக்குள்ள போட்டு வித்தா, வாங்குனவங்க கேக்கறப்ப எழுதனதக் காட்டணும். அது ஒண்ணுதான் கண்டிசன்."

ராஜமேரி இடுப்பில் கை வைத்தாள். "ஓசியில எடுத்துக்கிட்டு, கேட்டா ஒளிச்சு வெக்கறானுவளா? நல்லாருக்குதே ஞாயம்!"

அந்த வாரம் அன்பியம் இன்னாசி வீட்டில். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இன்னாசி. மூட்டுவலியும் பாட்டும் அவரைவிட்டு ஒருநாளும் பிரியாது. செபமாலை முடிந்து அவரவர் மன்றாட்டைச் சொல்கிற நேரம் வந்தது. ஒருத்தர் மழை கேட்டார், ஒருத்தர் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டார். அடுத்தது ஆக்சிலியாவின் முறை.

"ஒரு கம்பெனிக்காரங்க கெர்னல் சோர்ஸ் குடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க மனசு எளகணும்னு வேண்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

கெர்னல் எந்த ஊர் என்றுகூட அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஒரே குரலில் ஆண்டவரே கேட்டருளும் என்றார்கள். பாஞ்சாலி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள். அவள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனை. செவ்வாய்க்கிழமையானால் சர்ச் வாசலில் குகை மாதிரிக் கட்டியிருக்கிற அந்தோணியார் கெபியையும் விடமாட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ராஜமேரி கேட்டாள்.

"அந்தக் கம்பெனி பேரு, அட்ரசு எல்லாம் அன்பியம் குரூப்புல போட்டு வுடு. பேரு தெரியாம எப்பிடி வேண்டிக்கறது?"

நியாயமாகத்தான் பட்டது. ஆக்சிலியா கம்பெனி பெயரையும் மெயில் முகவரியையும் வாட்ஸாப்பில் போட்டாள். மேலே இரண்டு கை கூப்பின படம் ஒன்றும் வைத்தாள். செய்த தப்பு அதுதான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். கஸ்பாருக்குக் களி கிண்டி, இடது கைக்கு எட்டுகிற பக்கம் தட்டை வைத்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். கம்பெனியிலிருந்து மெயில். முதல் வரியைப் படித்ததும் அவளுக்குப் பகீரென்றது.

'வணக்கம். தயவுசெய்து சொல்லுங்கள், உங்கள் ஊரில் என்ன நடக்கிறது?'

எழுதியவர் பெயர் வென். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வரிசையாகக் கடிதங்கள் வருகின்றன, எல்லாவற்றிலும் உங்கள் பெயர் இருக்கிறது, கம்ப்யூட்டரை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தோம், அப்போதும் புரியவில்லை என்று எழுதி, வந்ததையெல்லாம் கீழே சேர்த்திருந்தார். ஆக்சிலியா ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

பாஞ்சாலி எழுதியிருந்தாள்: 'ஆக்சிலியா பாப்பா கேக்கறதக் குடுத்துடுங்க சாமி. அப்பிடியே எங்க காட்டுல போட்ட போர்ல தண்ணி வர வெச்சிடுங்க.' அன்பியத்துக்கு வருகிற நஞ்சம்மாள் காணாமல் போன தன் சினைமாட்டின் போட்டோவை அனுப்பி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும் என்று அடையாளம் சொல்லியிருந்தாள். இன்னாசி எழுதவே இல்லை. அந்தோணியார் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடிப் பதிவு செய்து அனுப்பி, கடைசியில் முட்டிவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். யாரோ மகளின் பயோடேட்டாவை, படிப்பு, நிறம், உயரம் எல்லாம் போட்டு அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தது ராஜமேரி. பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வசதியில் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'ஊர் சொத்த ஒளிச்சு வெக்கறது பாவம். குடுத்தீங்கன்னா உங்க கம்பெனி பேரச் சொல்லி அந்தோணியார் கெபியில ரொட்டி மந்திரிச்சு ஏழைங்களுக்குக் குடுக்கறேன். இது என் பொருத்தனை.'

"அத்தே!"

அந்தச் சத்தத்தில் கொல்லையில் கோழிகள் பறந்தன. ராஜமேரி துடைப்பத்தோடு வந்தாள்.

"என்னா பண்ணி வெச்சிருக்கீங்க? யாரு இவங்களுக்கெல்லாம் எழுதச் சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். ஒருத்தி கேட்டா மதிக்கல இல்ல? செவ்வாக்கெழம கெபிப் பொட்டியில மன்றாட்டுச் சீட்டுப் போடறோமில்ல, அந்த மாதிரி ஆளுக்கு ஒண்ணு போட்டோம். இதுல என்னாடி தப்பு?"

"அது அந்தோணியார் பொட்டிங்க அத்தே! இது கம்பெனி!"

"அதனால என்னா? கேக்கறதுதானே?"

"போர்ல தண்ணி கேட்டிருக்காங்க!"

"பாஞ்சாலி கேட்டாளா?" ராஜமேரிக்கே கொஞ்சம் திக்கென்றது. "நான் கெர்னலு மட்டும் கேளுங்கடின்னுதான் சொன்னேன்."

ஆக்சிலியாவுக்கு மானம் போயே போய்விட்டது. இனி ஜென்மத்துக்கும் அந்தக் கம்பெனியில் தன் பெயரைக் கண்டால் குப்பைத்தொட்டியில்தான் போடுவார்கள் என்று நினைத்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கஸ்பார் இனிமேல் அந்தச் சுவரைப் பார்த்தே கிடக்க வேண்டியதுதான். ராஜமேரி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கீழ என்னமோ எழுதியிருக்குது பாரு."

இருந்தது. சேர்த்திருந்த கடிதங்களுக்கெல்லாம் கீழே வென் இன்னும் எழுதியிருந்தார். 'தண்ணீருக்கு நாங்கள் எதுவும் செய்ய முடியாது, மன்னிக்கவும். பாட்டை அலுவலகத்தில் எல்லோரும் கேட்டோம். மாடு கிடைத்துவிட்டதா? ஒரு கடிதத்தில் உங்கள் கணவரின் கையைப் பற்றி எழுதியிருந்தார்கள். நீங்கள் எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஒரு கிராமம் முழுக்க ஏன் கெர்னலுக்காகப் பிரார்த்தனை செய்கிறது என்று கேட்டார். கேட்டால் சோர்ஸ் கொடுக்க வேண்டும் என்கிற லினக்ஸ் உரிமத்தை எடுத்துக் காட்டினேன். சோர்ஸ் இந்த இணைப்பில் இருக்கிறது. இனி எழுத வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.'

ஆக்சிலியா இரண்டு தடவை படித்தாள். நம்ப முடியவில்லை. இணைப்பைத் தொட்டாள். இறங்க ஆரம்பித்தது. மாமியாரும் மருமகளும் வாயைப் பிளந்துகொண்டு அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுத்துட்டானா?" என்றாள் ராஜமேரி, ரகசியம் மாதிரி.

"குடுத்துட்டாங்க அத்தே."

"அட அந்தோணியாரே!" என்று தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்டு அனுப்பியவள் அவள்தான். ஆனால் கிடைத்ததில் அதிகம் ஆடிப்போனவளும் அவள்தான்.

பட்டன்களைப் பற்றி எழுதியிருந்த பகுதியைக் கண்டுபிடித்துத் தன் சுவிட்ச் இரண்டையும் சேர்த்தாள் ஆக்சிலியா. ஓசூர் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, அடுப்பும் லேப்டாப்புமாக மாறி மாறி ஓடி, கடைசியில் கெர்னல் ஒன்றைக் கட்டி முடித்தாள். மெஷினில் ஏற்றினாள். பட்டனை அழுத்தினாள்.

திரை கருப்பாகவே இருந்தது.

திரும்ப அழுத்தினாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ஒன்றுமில்லை. செத்துக் கிடந்தது. நிமிர்ந்தபோது உள்ளறைக் கதவோரம் கஸ்பார் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்து வந்தானோ தெரியாது. அவள் கையில் இருந்த மெஷினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சரி பண்ணிடறங்க" என்றாள்.

"வேணாம்" என்றான். திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே, களத்து மேட்டில்கூட அப்படி அழவில்லை. அந்த மனுஷன் ஆசையோடு பார்த்த ஒரே பொருள். அதையும் தானே கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. ராஜமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுக்கா எல்லாரையும் எழுதச் சொல்லட்டுமா?"

"அய்யோ, வேணவே வேணாங்க அத்தே! உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்!"

ஆக்சிலியா தானே வென்னுக்கு எழுதினாள். பதில் சீக்கிரமே வந்தது. உங்கள் மெஷினின் பின்பக்கத்தில் மாடல் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். அனுப்பினாள். 'அட, இது பழைய திரை. நான் தந்தது புதிய மாடலுக்கு. தவறு என்னுடையது. மெஷின் சாகவில்லை, படம்தான் வரவில்லை' என்று எழுதி, பழைய திரைக்கான கோப்பை அனுப்பியிருந்தார். கடைசியில், மாடு கிடைத்ததா என்று மறுபடி கேட்டிருந்தார்.

கிடைத்திருந்தது. அதை எழுதியபோது ஆக்சிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

இந்தமுறை ஏற்றியதும் திரையில் எழுத்துகள் ஓடின. குட்டி மனிதன் வந்து நின்றான். பலகையில் இருந்த சுவிட்சைக் காலால் அழுத்தினாள். குதித்தான். அவளும் ஒரு குதி குதித்து, அம்மியில் இடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அன்பியம் அவர்கள் வீட்டில்தான். கம்பெனி பெயரைச் சொல்லி மந்திரித்த ரொட்டி ஒரு கூடை நிறைய முன்னறையில் இருந்தது. ராஜமேரி பொருத்தனை விஷயத்தில் பாக்கி வைக்கிறவள் இல்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஆக்சிலியா உள்ளறைக்குப் போனாள். பலகையைக் கட்டில் ஓரம் கீழே வைத்தாள். மெஷினை அவன் இடது கைப்பக்கம் வைத்தாள். அவன் முதுகு அசையவில்லை.

"காலு வெச்சா குதிக்கும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

செபமாலை ஆரம்பித்தது. ஆக்சிலியாவுக்கு வாய் செபத்தில் இருந்தது, காது உள்ளறையில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. செபமாலையின் முதல் பத்து மணிகளும் உருண்டு முடிந்தன. அப்புறமும் ஒன்றும் கேட்கவில்லை. 'வேணாம்தான் போல' என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பழைய டொய்ங் டொய்ங் இசை. இன்னாசி செபத்தை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். நஞ்சம்மாள் அவர் தொடையில் ஒரு தட்டு தட்டி, "செபம் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சொன்னார்கள். குரல்தான் தணிந்துகொண்டே போனது. டொய்ங், டொய்ங், டொய்ங். அப்புறம் குட்டி மனிதன் பள்ளத்தில் விழுகிற சத்தம்.

அப்புறம் அந்த வார்த்தை.

கூரை பிளக்கிற மாதிரி வந்தது. முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல், குட்டி மனிதனின் அம்மாவில் ஆரம்பித்துப் பரம்பரை வரைக்கும் போனது. முன்னறையில் அத்தனை பேரும் கல்லாய்ச் சமைந்தார்கள். பாஞ்சாலி இரண்டு காதையும் பொத்தினாள். ராஜமேரியின் கையிலிருந்து செபமாலை நழுவித் தரையில் விழுந்தது.

"ஆக்சிலி!" உள்ளேயிருந்து மறுபடி. "ஏய் ஆக்சிலி! எவன்டி இதுக்குப் பட்டன் வெச்சது? கால்ல அமுக்குனா லேட்டா குதிக்குதுடி! இந்த லட்சணத்துல எப்பிடி ஆடறது?"

மாசக்கணக்கில் இந்த வீட்டில் இவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை. எல்லோரும் ராஜமேரியைப் பார்த்தார்கள். அந்தோணியார் நாளில், செபத்துக்கு நடுவில், மந்திரித்த ரொட்டிக்கு முன்னால் வந்த வார்த்தை. ராஜமேரி முழங்கால் போட்டபடியே இருந்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது. துடைக்கவில்லை.

"காத எடு பாஞ்சாலி" என்றாள். "நல்லாக் கேளு. எம்புள்ள பேசறான்."

பிறகு நெற்றியில் சிலுவை போட்டு, "ஆமென்" என்றாள். இன்னாசி "ஆமென்" என்றார். எல்லோரும் சொன்னார்கள்.

ஆக்சிலியா அதற்குள் உள்ளே ஓடியிருந்தாள். கஸ்பார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மெஷினை இடது கையில் பிடித்து, வலது காலைப் பலகையில் வைத்திருந்தான். முகம் சிவந்து கோபமாக இருந்தது. அவள் கீழே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ லேட்டுங்க?" என்றாள். "இன்னொரு வாட்டி அமுக்கிக் காட்டுங்க."